அட்டை மேல் பதிந்த முத்திரை
போர் அள்ளிச் சென்ற ஏடுகள் யாருக்குச் சொந்தம்?

(பெங்களூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இலக்கியம் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்குப் புத்தகங்களின் உள்ளே இருப்பதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அவை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, இன்று யார் அவற்றைத் தம்முடையவை என்று சொல்லலாம் என்பதுதான் பேச்சு. பல ஆண்டுகளாக என்னைத் தூங்கவிடாத கேள்வி இது.

முதலில் ஒரு புத்தக அட்டையை உங்கள் கண்முன் வைக்கிறேன். தோல் அட்டை. நடுவில் பதக்கம் போல ஒரு வட்டம். அதற்குள் இறைவனின் பெயர், முகமது நபியின் பெயர், அவர் மகள் ஃபாத்திமா, பேரர்கள் ஹசன், ஹுசைன் ஆகியோரின் பெயர்கள் அழுந்தப் பதிந்திருக்கின்றன. நான்கு மூலைகளிலும் முதல் நான்கு கலீஃபாக்கள். மேல் விளிம்பில் 'சர்க்காரே குதாதாத்', அதாவது இறைவன் தந்த அரசு. கீழ் விளிம்பில் 'அல்லாஹ் காஃபி', இறைவனே போதும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் ஆட்கள் மறுகட்டுக் கட்டிய நூல்களுக்கெல்லாம் இதே அட்டைதான். சிலவற்றில் கூடுதலாகத் திப்புவின் சொந்த முத்திரையும் உண்டு.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரிலிருந்து அந்த ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு மூன்று மணி நேரப் பயணம். அந்த அட்டை போட்ட ஏடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் கொல்கத்தாவுக்கோ லண்டனுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ போக வேண்டும்.

1799 மே 4 அன்று நண்பகலுக்குப் பின் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்தது. திப்பு வாயிற்புறச் சண்டையில் மாண்டார். அன்றிரவு நகரம் சூறையாடப்பட்டது. மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி சிலரைத் தூக்கிலிட்டும் பலரைச் சாட்டையால் அடித்தும்தான் அதை அடக்க முடிந்தது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதில் வராதது, அதன் பிறகு நடந்த ஒழுங்கான கொள்ளை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஒரு குழுவை அமைத்தது. போரில் கிடைத்ததைக் கணக்கெடுத்து, விலை மதித்து, ஏலம் விட்டு, தளபதி முதல் சிப்பாய் வரை பதவிக்குத் தக்கபடி பங்கு பிரிப்பது அதன் வேலை. திப்புவின் பொன் அரியணையைத் துண்டு துண்டாக வெட்டியது அந்தக் குழுதான். அரியணையை முழுசாக அரசருக்கு அனுப்ப நினைத்திருந்த கவர்னர் ஜெனரலுக்கே அது வருத்தமாகப் போயிற்று. பங்கு போட வசதியாக ஓர் அரியணையை உடைத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அதன் பெரிய புலித்தலையும், குடை மேலிருந்த ஹுமா பறவையும் இன்று இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. சுற்றி இருந்த சிறிய புலித்தலைகள் பல குடும்பங்களுக்குப் போய், நம் காலத்தில் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வருகின்றன.

நூலகத்தை மட்டும் கூறு போட்டு விற்கவில்லை. ஏறத்தாழ 2,000 கைப்பிரதிகள். குர்ஆன்கள், சட்டம், வரலாறு, மருத்துவம், வானியல், சூஃபி நூல்கள், பாரசீகக் கவிதை, கொஞ்சம் தக்கணிக் கவிதை. திப்புவே சொல்லி எழுதச் செய்த 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்' என்ற படைநூல். பெரும்பகுதி கல்கத்தாவுக்குப் போனது, அங்கே புதிதாகத் தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக. இங்கிலாந்திலிருந்து வந்த இளம் அதிகாரிகளுக்கு இந்திய மொழிகளைக் கற்றுக்கொடுக்கும் கல்லூரி அது. அதைத் தோற்றுவித்த சட்டத்துக்குக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு இடச்சொன்ன தேதி 1800 மே 4. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த முதலாம் ஆண்டு நிறைவு. தோற்றவனின் நூலகத்தை, அவன் செத்த நாளைப் பிறந்தநாளாகக் கொண்ட கல்லூரிக்குக் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து அந்த ஏடுகளைப் பட்டியலிட்டவர் சார்லஸ் ஸ்டூவர்ட். அவருடைய விளக்கப் பட்டியல் 1809-இல் கேம்பிரிட்ஜில் அச்சானது. நான் சற்றுமுன் சொன்ன அட்டை வருணனை அவர் எழுதி வைத்ததுதான்.

பிறகு கல்லூரி மூடப்பட்டது. ஏடுகள் மேலும் சிதறின. ஒரு பகுதி கல்கத்தாவின் ஏசியாட்டிக் சொசைட்டியில் தங்கிவிட்டது. ஒரு பகுதி லண்டனில் கம்பெனியின் நூலகத்துக்குப் போய், இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் பரிசாகச் சில.

இவற்றில் ஒரு சிறிய ஏட்டைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். திப்பு தன் கனவுகளைத் தன் கைப்பட எழுதி வைத்திருந்தார். 37 கனவுகள். யாருக்கும் காட்டாமல் எழுதியது. அரண்மனையில் பிற அந்தரங்கக் காகிதங்களுக்கு நடுவே கர்னல் வில்லியம் கிர்க்பேட்ரிக் அதைக் கண்டெடுத்தார். 1800-இல் அது கம்பெனி இயக்குநர்களுக்குக் காணிக்கையாகப் போய்ச் சேர்ந்தது. அரியணையை எடுத்தார்கள், பீரங்கியை எடுத்தார்கள், சரி, போர்க்கால வழக்கம் என்று யாராவது சொல்லலாம். ஒரு மனிதன் இரவில் கண்ட கனவை எந்தப் போர்ச் சட்டத்தின் கீழ் எடுத்தார்கள்?

இவ்வளவு சொல்லிவிட்டு, எனக்கு வசதியில்லாத ஒரு செய்தியை மறைத்தால் அது நேர்மையாகாது. ஸ்டூவர்ட் தம் முன்னுரையில் சொல்கிறார்: இந்த நூல்களில் திப்புவோ அவர் தந்தை ஹைதரோ காசு கொடுத்து வாங்கியவை மிகக் குறைவு. பெரும்பாலானவை சாவனூர், கடப்பா, கர்நாடகம் ஆகிய இடங்களில் கொள்ளையாக வந்தவை. அவர் கர்நாடகம் என்று குறிப்பது ஆற்காட்டு நவாபின் சீமையை. அதாவது நம் தமிழ்நாட்டை. சாவனூர் இன்றைய ஹாவேரி மாவட்டத்தில் இருக்கிறது. கடப்பா ஆந்திரத்தில்.

ஆக, சர்க்காரே குதாதாத் என்று பொறித்த அந்த அட்டைக்கு உள்ளே திறந்தால் வேறொருவரின் புத்தகம். ஆற்காட்டில் ஒரு மௌல்வி வரிவரியாகப் படித்த ஏடாக இருக்கலாம். கோட்டையை வென்றவன் அட்டையை மாற்றினான். அவனை வென்றவன் அலமாரியை மாற்றினான். இப்போது யார் போய் யாரிடம் கேட்பது?

இதைச் சொன்னதும் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். 'எல்லாரும்தான் கொள்ளையடித்தார்கள், விட்டுவிடுங்கள்' என்பார்கள். தமிழர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. தஞ்சாவூர் கலைக்கூடத்துக்குப் போனவர்கள் அங்கே ஒரு கருங்கல் துவாரபாலகரைப் பார்த்திருப்பீர்கள். பிற சோழச் சிற்பங்களோடு சேராத முகம், சேராத அணிகள். பீடத்தில் தமிழ்க் கல்வெட்டு. கல்யாணபுரத்தை அழித்து, விஜயராஜேந்திரர் கொண்டுவந்தது என்று ஒளிவு மறைவில்லாமல் பொறித்திருக்கிறது. விஜயராஜேந்திரர் என்பது முதலாம் ராஜாதிராஜனின் பட்டம். கல்யாணபுரம் சாளுக்கியரின் தலைநகர், இன்றைய பீதர் மாவட்டத்துப் பசவகல்யாண். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கன்னட நாட்டிலிருந்து நம்மவர்கள் எடுத்துச் சென்ற பொருள் அது. பெங்களூரில் நின்றுகொண்டு திப்புவின் ஏடுகளுக்காகப் பேசுகிற தமிழர் எவரும் அந்தத் துவாரபாலகரை மறக்கக் கூடாது. நான் மறக்கவில்லை.

ஆனால் 'எல்லாரும் செய்தார்கள்' என்பது யார் செய்ததையும் சரியாக்காது. ஒரு வேறுபாடும் இருக்கிறது. சோழனுக்கும் சாளுக்கியனுக்கும் நடுவே நீதிமன்றம் இல்லை, சட்டம் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எடுத்த பொருள்களோ இன்றும் ரசீதோடு கைமாறுகின்றன. வாங்கும் ஒவ்வொருவரும் அது எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குகிறார்கள். அந்த நாளின் பெயரைச் சொல்லித்தான் விலையே ஏறுகிறது. திப்புவின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டனில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்குப் போனது. கோட்டையைப் பிடித்த தாக்குதலை நடத்திய ஜெனரல் டேவிட் பெயர்டுக்குப் படையினர் அளித்த வாள் அது. 'ராம்' என்று தேவநாகரியில் பொறித்த தங்க மோதிரம் ஒன்று 2014-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1,45,000 பவுனுக்குப் போனது.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்த வழியில் முயன்றார். தொழிலதிபர் விஜய் மல்லையா 2003-இல் லண்டன் ஏலத்தில் திப்புவின் வாள் ஒன்றை வாங்கினார். வீட்டுப் பொருள் வீடு திரும்பியது போல அன்று பலர் மகிழ்ந்தார்கள், நானும்தான். 2018-இல் லண்டன் நீதிமன்றத்தில் அவருடைய கடன் வழக்கு நடந்தபோது, அந்த வாள் இப்போது அவரிடம் இல்லை, குடும்பத்துக்கு ஆகிவரவில்லை என்று 2016-லேயே யாருக்கோ கொடுத்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அவரைக் குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவருக்கு அதைக் கொடுத்துவிடவும் உரிமை உண்டு. அதுதான் சிக்கல். ஏலத்தில் வாங்கி மீட்டால் நாம் மீட்டது ஒரு தனியாருக்கான சொத்தை மட்டுமே. அதோடு, 1799-இல் நடந்த ஏலம் செல்லும் என்று நம் கையாலேயே ஒப்பமிட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

அப்படியானால் வேறு வழி என்ன? இந்த இடத்தில்தான் நான் யூதர்களின் அனுபவத்துக்கு வருகிறேன். சொந்தக்காரரே இல்லாமல் போன பொருளுக்கு யார் வாரிசு என்ற கேள்வியை, நம் காலத்தில் அவர்களைப் போல முட்டி மோதி எதிர்கொண்டவர்கள் வேறு யாரும் இல்லை.

நாஜிகள் யூதர்களைக் கொன்றார்கள், கூடவே அவர்களுடைய புத்தகங்களைச் சேகரித்தார்கள். அழித்த இனத்தைப் பற்றி ஆராய்வதற்காக ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு நிறுவனமே வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கப் படையிடம் சிக்கிய நூல்களை எல்லாம் ஆற்றுக்கு அக்கரையில் ஓஃபன்பாக் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் குவித்தார்கள். 1946-இல் அது காப்பகமாக இயங்கத் தொடங்கியது. 30 லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் அதன் வழியாகப் போயின. ஹீப்ரு, யித்திஷ், இன்னும் எத்தனையோ மொழிகள். பிரிக்க வந்த ஜெர்மன் வேலையாட்களுக்கு ஹீப்ரு எழுத்தே தெரியாது. காப்பகத்தின் தலைவராக வந்த ஐசக் பென்கோவிட்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். புத்தகத்தின் உள்பக்கத்தில் இருக்கும் நூலக முத்திரைகளைப் படம் பிடித்தார். ஒவ்வொரு வேலையாளுக்கும் சில முத்திரைகள். அவர் அந்த வடிவத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வார். வரிசையில் புத்தகம் வரும்போது தன் முத்திரை தெரிந்தால் எடுத்துத் தன் பெட்டியில் போடுவார். படிக்கத் தெரியாத கைகள், முத்திரையைப் பார்த்து, வில்னாவின் புத்தகத்தை வில்னாவின் பெட்டியிலும் வார்சாவின் புத்தகத்தை வார்சாவின் பெட்டியிலும் போட்டன. அப்படிப் போட்ட பெட்டிகளில் பலவற்றுக்கு, திரும்பிப் போக அந்த ஊரில் நூலகமும் இல்லை, படித்தவர்களும் இல்லை.

நாடு தெரிந்தவற்றை அந்தந்த நாட்டு அரசிடம் ஒப்படைத்தார்கள். எஞ்சியவை வாரிசற்ற நூல்கள். உலக வழக்கப்படி வாரிசற்ற சொத்து அந்த நாட்டு அரசுக்குப் போக வேண்டும். அதாவது ஜெர்மனிக்கு. கொன்றவனே வாரிசாகும் அந்த நிலையை யூத அறிஞர்கள் ஏற்க மறுத்தார்கள். வரலாற்றாசிரியர் சாலோ பாரன் தலைமையில் யூதப் பண்பாட்டு மீளமைப்பு என்ற அமைப்பை நிறுவினார்கள். செத்தவர்களுக்குத் தனி வாரிசு இல்லையென்றால் மொத்தச் சமூகமுமே வாரிசு என்று வாதிட்டார்கள். அமெரிக்க ராணுவ நிர்வாகம் அதை ஏற்றது. அந்த அமைப்பின் செயலாளராக ஜெர்மனியெங்கும் அலைந்தவர் ஹன்னா அரெண்ட், நம்மில் பலர் அரசியல் தத்துவத்துக்காகப் படிக்கும் அதே ஹன்னா அரெண்ட். நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களைப் பங்கிட்டார்கள். இஸ்ரேலுக்கு 40 விழுக்காடு, அமெரிக்காவுக்கு 40, மற்ற நாடுகளுக்கு 20 என்பது அளவு. படிக்கிறவர்கள் எங்கே உயிரோடு இருக்கிறார்களோ அங்கே புத்தகம் போகட்டும் என்பது கொள்கை.

இது சண்டையில்லாமல் நடந்ததாக நினைக்க வேண்டாம். வோர்ம்ஸ் என்ற ஜெர்மன் ஊரின் யூதர்களிடம் 13-ஆம் நூற்றாண்டுப் பிரார்த்தனை ஏடு ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் அதை ஒளித்துக் காப்பாற்றியவர் அவ்வூர் ஆவணக் காப்பாளர், ஒரு ஜெர்மானியர். போருக்குப் பின் வோர்ம்ஸ் நகரம் அது எங்கள் ஊரின் பொருள் என்றது. ஊரில் யூதர்களே இல்லாதபோது ஊருக்கு என்ன உரிமை என்றது மறுதரப்பு. நீண்ட வழக்குக்குப் பின் 1957-இல் ஏடு ஜெருசலேமுக்குப் போனது. மண்ணா, மக்களா? நான் அந்த வழக்கில் மக்களின் பக்கம். ஆனால் ஒளித்து வைத்த அந்தக் காப்பாளரின் ஊரை நினைத்தால் மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

இதே கேள்வி 2003-இல் பாக்தாத்தில் திரும்பியது. பேரழிவு ஆயுதம் தேடிப் போன அமெரிக்கக் குழு, சதாம் உசேனின் உளவுத்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில், இடுப்பளவு அழுக்குத் தண்ணீரில் மிதந்த 2,700-க்கு மேற்பட்ட யூத நூல்களையும் பல்லாயிரம் ஆவணங்களையும் கண்டது. பள்ளிக்கூடப் பதிவேடுகள்கூட அதில் உண்டு. உறையவைத்து, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், பல ஆண்டுகள் உழைத்துக் காப்பாற்றினார்கள். எடுக்கும்போது திருப்பித் தருவதாக ஒப்பந்தம். ஈராக் அரசு, எங்கள் தேசத்தின் வரலாறு, கொடுங்கள் என்கிறது. நாட்டைவிட்டு விரட்டப்பட்ட யூதர்கள், எங்களிடமிருந்து பிடுங்கியதை எங்களை விரட்டிய அரசுக்கே கொடுப்பதா என்கிறார்கள். பாக்தாத் யூதர்களில் ஒரு கிளைதான் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்து, நம் நாட்டில் பள்ளியும் மருத்துவமனையும் நூலகமும் கட்டிய சசூன் முதலிய குடும்பங்கள். அவர்களுடைய உறவினர்களின் பள்ளிப் பதிவேடுகள் அவை. தூரத்துக் கதை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

இப்போது நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். வாரிசற்ற பொருளுக்கு வாரிசு காணும் கலை நமக்கும் தெரியும். சொல்லப்போனால் லண்டன் நீதிமன்றத்துக்கே அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம். தஞ்சை வட்டாரத்தில் பத்தூர் என்ற ஊரில் ஒரு பாழடைந்த சிவன் கோயில். 1976-இல் ஒரு கூலித் தொழிலாளி குடிசை வேலைக்கு மண் தோண்டும்போது நடராஜர் கிடைத்தார். சிலை கைமாறிக் கைமாறி லண்டன் போய், அங்கே காவல்துறை கைப்பற்றியது. வாங்கிய கனடா நிறுவனம் வழக்குப் போட்டது. எதிர்த்து நின்றவர்களில் ஒருவர், அந்த இடிந்த கோயில். பூசையில்லாமல் நூற்றாண்டுகள் கிடந்த கோயில் எப்படி வழக்காடும் என்று கேட்டார்கள். கோயில் ஓர் ஆள், இடிந்தாலும் அதன் உரிமை சாகாது என்பது இந்தியச் சட்டம். ஆங்கிலேய நீதிமன்றம் அதை ஏற்றது. 1991-இல் மேல்முறையீட்டிலும் கோயில் வென்றது, நடராஜர் ஊர் திரும்பினார்.

கல்லுக்கு வழக்காட உரிமை கிடைத்தது. திப்புவின் ஏட்டுக்காக எழுந்து நிற்க யார் இருக்கிறார்? அவர் பிள்ளைகளைக் கம்பெனி வேலூர்க் கோட்டையில் வைத்தது. 1806-இல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின் அந்தக் குடும்பத்தையே கல்கத்தாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் கொல்கத்தாவில் இருக்கிறார்கள். அரசு மைசூர் உடையார்களுக்குப் போனது, பிறகு மாநிலத்துக்கு. சாவனூருக்கும் ஆற்காட்டுக்கும் தனித்தனி உரிமை. கேட்க எத்தனையோ பேர் இருப்பதாலேயே யாரும் கேட்பதில்லை. போதாக்குறைக்கு, இந்த மாநிலத்தில் திப்புவின் பெயரை எடுத்தாலே குடகிலும் மலபாரிலும் அவர் நடத்திய போர்களைச் சொல்லிக் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வலி பொய்யல்ல. ஆனால் ஏடுகள் வீடு திரும்புவதற்கு மன்னன் நல்லவன் என்ற சான்றிதழ் தேவையில்லை. அவற்றில் பெரும்பாலானவை அவனுடையவையே அல்ல என்று சற்றுமுன் பார்த்தோம்.

சட்டம் இடம் கொடுக்கவில்லை என்கிறார்கள். பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்கள் தம் பொருளைக் கொடுத்துவிட முடியாது, நாடாளுமன்றச் சட்டம் தடுக்கிறது. உண்மைதான். ஆனால் அந்தத் தடையை அவர்களே ஒருமுறை விலக்கியிருக்கிறார்கள். இத்தாலியில் பெனெவென்டோ நகரத் தேவாலயத்தின் 12-ஆம் நூற்றாண்டு வழிபாட்டு ஏடு ஒன்று, இரண்டாம் உலகப் போர்க் குழப்பத்தில் காணாமல் போனது. ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நேப்பிள்ஸில் பழைய புத்தகக்காரரிடம் வாங்கினார். 1947-இல் ஏலத்தில் விற்றார். கடைசியில் அது பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்தது. திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம் என்று 2005-இல் ஆலோசனைக் குழு சொன்னது. சட்டம் தடுத்தது. 2009-இல் சட்டத்தையே திருத்தினார்கள். நாஜிக் காலத்தில், அதாவது 1933-க்கும் 1945-க்கும் இடையில் பறிபோன பொருள்களை 17 தேசிய நிறுவனங்கள் திருப்பித் தரலாம் என்று இன அழிப்புக் காலப் பண்பாட்டுப் பொருள் மீட்புச் சட்டம் வந்தது. 2010-இல் அந்த ஏடு பெனெவென்டோவுக்குத் திரும்பியது. பத்தாண்டுகளில் காலாவதியாக வேண்டிய சட்டத்தை 2019-இல் நிலையானதாகவும் ஆக்கினார்கள்.

அந்த 17 நிறுவனங்களின் பட்டியலில் திப்புவின் கனவேடு இருக்கும் பிரிட்டிஷ் நூலகமும் உண்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றிய திப்புவின் மரப்புலி இருக்கும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் உண்டு. அந்தப் புலியே ஹிட்லரின் குண்டுவீச்சில் கூரை இடிந்து விழுந்து நூற்றுக்கணக்கான துண்டுகளாகி, பிறகு ஒட்டவைத்தது. ஒரே கட்டடம். 1943-இல் போரில் பறிபோன பொருளுக்குக் கதவு திறக்கிறது. 1799-இல் போரில் பறிபோன பொருளுக்கு மூடியிருக்கிறது. யூதர்களுக்காக அந்தக் கதவு திறந்ததில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி. அந்தக் கதவை அவர்கள் அழுதும் வழக்காடியும் திறந்தார்கள். நம் அரசு என்ன செய்தது? 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் கோகினூர் வைரம் பற்றிக் கேட்டபோது, அது பறிக்கப்பட்டது அல்ல என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். கேட்கிறவர்களின் குரலே இப்படி இருந்தால் கதவு எப்படித் திறக்கும்?

எல்லாவற்றையும் நாளையே விமானத்தில் ஏற்று என்று நான் சொல்லவில்லை. முதலில் கேட்கும் தகுதியுள்ள ஓர் அமைப்பு வேண்டும். சாலோ பாரனும் ஹன்னா அரெண்டும் செய்தது அதைத்தான். கர்நாடக அரசு, கொல்கத்தாவில் உள்ள திப்புவின் வழித்தோன்றல்கள், சாவனூர், கடப்பா, ஆற்காடு வட்டாரத்துப் பாரசீக அறிஞர்கள், ஏசியாட்டிக் சொசைட்டி ஆகியோரைச் சேர்த்து ஓர் அறங்காவல் குழு. தனக்கென்று வாங்காமல், எல்லார் பெயரிலும் கேட்கும் குழு.

அந்தக் குழுவின் முதல் வேலை படிப்பதாக இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தாழ்கிறது. இந்த ஊரில் 18-ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கையெழுத்தைத் தடங்கலின்றிப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று தேடிப் பார்த்திருக்கிறேன். விரல்விட்டு எண்ணலாம். ஏடுகள் நாளை வந்தாலும், ஓஃபன்பாக்கின் வேலையாட்களைப் போல முத்திரையைப் பார்த்து அடுக்கத்தான் நம்மால் முடியும். அவர்களுக்குப் பின்னால் அந்த மொழியைப் படிக்க ஜெருசலேமிலும் நியூயார்க்கிலும் ஆள் இருந்தது.

போகாமல் இருந்த காகிதம் என்ன செய்தது என்பதையும் பாருங்கள். 1791-இல் மராட்டியப் படையைச் சேர்ந்தவர்கள் சிருங்கேரி மடத்தைச் சூறையாடினார்கள். சாரதாம்பாள் திருவுருவத்தை மீண்டும் நிறுவத் திப்பு பணம் அனுப்பினார், மடத்தின் சுவாமிகளுக்குக் கன்னடத்தில் கடிதங்கள் எழுதினார். முப்பது அளவிலான அந்தக் கடிதங்கள் மடத்திலேயே பத்திரமாக இருந்தன. 1916-இல் மைசூர்த் தொல்லியல் துறையின் நரசிம்மாச்சார் அவற்றைக் கண்டு வெளிப்படுத்தினார். கடிதம் எந்த ஊருக்கு எழுதியதோ அந்த ஊரிலேயே இருந்தது. கன்னடம் படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். திப்பு என்ற மனிதரைப் பற்றி நாம் அறிந்தது அதனால் மாறியது. லண்டனிலும் கொல்கத்தாவிலும் கிடக்கும் ஏடுகளுக்குள் அப்படி என்னென்ன இருக்கிறதோ!

சிறு வயதில் அம்மா என்னைக் கோட்டை வெங்கடரமணர் கோயிலுக்குக் கூட்டிப்போவார். கும்பிட்டு முடித்தபின் பக்கத்தில் திப்புவின் கோடை அரண்மனையில் அந்தத் தேக்குத் தூண்களைச் சுற்றி ஓடுவேன். கே.ஆர். மார்க்கெட்டின் இரைச்சல் உள்ளே வராது. இன்று அங்கே புலியின் மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். போன மாதம் போனபோது ஒரு பெண் குழந்தை அதைப் பார்த்துத் தன் தந்தையிடம், நிஜப் புலி எங்கே என்று கேட்டது. லண்டன்ல என்றார். ஏன் என்றது. அவர் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் நகர்ந்துவிட்டேன்.

இந்த அறக்கட்டளையை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை, பாரசீகக் கைப்பிரதி படிக்கக் கற்கும் ஒரு பெங்களூர் மாணவருக்குக் கொடுங்கள். இந்து, முஸ்லிம், யார் வேண்டுமானாலும், தமிழர், கன்னடர், யார் வேண்டுமானாலும். ஸ்டூவர்ட்டின் 1809 பட்டியலை நான் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொரு நூலுக்கும் எதிரே, அது இன்று எந்த ஊரில் எந்த எண்ணில் இருக்கிறது என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். கவிதைப் பகுதி பெரும்பாலும் வெற்றிடமாகவே இருக்கிறது. உதவ விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகே வாருங்கள், பக்கங்களைப் பிரித்துக்கொள்வோம்.